எங்கோ ஒருவர் பட்டனைத் தட்டினால் இங்கே கருவி அதிர்வது எப்படி? நடுவில் இருந்து பார்ப்பது யார்?

2022 செப்டம்பர் 4. மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த சின்க்ஃபீல்ட் கோப்பை போட்டியில் அப்போதைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சனை 19 வயது ஹான்ஸ் நீமன் தோற்கடித்தார். மறுநாளே கார்ல்சன் தொடரில் இருந்து விலகினார். அடுத்த சில நாட்களில் சமூக வலைதளங்களில் ஒரு விநோதமான வதந்தி கிளம்பியது. நீமன் உடலுக்குள் ஒரு வைப்ரேட்டரை மறைத்து வைத்திருந்தார், வெளியே இருந்து யாரோ அதை அதிரவைத்து அடுத்த காயை எங்கே நகர்த்த வேண்டும் என்று சொன்னார்கள் என்பதுதான் அந்த வதந்தி.

அதற்கு எந்த ஆதாரமும் கிடைக்கவில்லை. நீமன் அதை மறுத்தார். நேருக்கு நேர் ஆடும் போட்டிகளில் அவர் ஏமாற்றியதாக எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அவர் தொடுத்த வழக்கும் 2023 ஆகஸ்டில் சமரசத்தில் முடிந்தது.

ஆனால் செஸ் பற்றி எதுவும் தெரியாதவர்கள்கூட அப்போது ஒரு கேள்வி கேட்டார்கள். எங்கோ உட்கார்ந்துகொண்டு, இன்னொருவரிடம் இருக்கும் கருவியை உண்மையிலேயே அதிரவைக்க முடியுமா?

முடியும். பெரிய ஆய்வகமோ விலை உயர்ந்த சாதனமோ தேவையில்லை. ஒரு வெப் ஆப், அதாவது பிரவுசரிலேயே திறக்கிற ஒரு பக்கம் போதும். எப்படி என்பதைப் பார்க்கலாம். அதைவிட முக்கியமாக, அந்தத் தட்டல் இந்த முனையில் இருந்து அந்த முனைக்குப் போகும் வழியில் யார் யார் கையைத் தொட்டுப் போகிறது என்பதையும் பார்க்கலாம்.

முதலில், அதிர்வு எங்கிருந்து வருகிறது?

வாஷிங் மெஷினில் துணியெல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கிவிட்டால் என்ன ஆகும்? ஸ்பின் சுற்றும்போது மெஷினே நடந்துபோகிற மாதிரி ஆடும். அதே கதைதான் இங்கேயும். ஒரு சின்ன மோட்டாரின் தண்டில் எடையை நடுவில் வைக்காமல் ஒரு ஓரமாக வைத்திருப்பார்கள். மோட்டார் சுற்றினால் மொத்தக் கருவியும் அதிரும். அந்தக் காலத்து பேஜர், பழைய மொபைல், கேம் கன்ட்ரோலர், மசாஜர், செக்ஸ் டாய் என்று பெரும்பாலான கருவிகளில் இருப்பது இந்த வகைதான். இப்போதைய விலை உயர்ந்த போன்களில் சுற்றும் மோட்டாருக்குப் பதிலாக, ஸ்ப்ரிங்கில் கட்டிய எடை முன்னும் பின்னும் ஓடுகிற இன்னொரு வகை இருக்கிறது. அதனால்தான் அவற்றில் அதிர்வு 'டக்' என்று சுருக்கமாக வருகிறது.

வேகத்தைக் கூட்டினால் அதிர்வு கூடும், குறைத்தால் குறையும். கருவிக்கு வெளியே இருந்து வரவேண்டியது ஒரே ஒரு எண்தான். எவ்வளவு வேகம்?

போனை மட்டும் அதிரவைக்க வேண்டுமென்றால்

இது ரொம்ப சுலபம். பிரவுசர்களுக்குள்ளேயே வைப்ரேஷன் ஏபிஐ என்ற வசதி இருக்கிறது. வெப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதி, அதில் 200, 100, 200 என்று கொடுத்தால், போன் 200 மில்லிவிநாடி அதிரும், 100 மில்லிவிநாடி நிற்கும், மறுபடி 200 மில்லிவிநாடி அதிரும். ஆண்ட்ராய்டு போனில் குரோம் பிரவுசரில் இது வேலை செய்யும். ஐபோனின் சஃபாரியில் இந்த வசதி கிடையாது. எவ்வளவு நேரம் என்று மட்டும்தான் சொல்ல முடியும், எவ்வளவு பலமாக என்று சொல்ல முடியாது.

ஒரு நிபந்தனையும் உண்டு. பக்கத்தைத் திறந்தவர் திரையை ஒரு தடவையாவது தொட்டிருக்க வேண்டும். அதற்கு முன் அதிரவைக்க குரோம் அனுமதிக்காது. இந்தக் கட்டுப்பாடு இல்லாத நாட்களில், 'உங்கள் போனில் வைரஸ்' என்று பயமுறுத்தும் போலி விளம்பரங்கள் பக்கம் திறந்த உடனேயே போனை அதிரவைத்து ஆளைக் கலங்கடித்தன.

கேம் கன்ட்ரோலருக்கு இன்னும் கொஞ்சம் வசதி. அதில் பெரும்பாலும் இரண்டு மோட்டார்கள், ஒன்று பலமானது, இன்னொன்று மென்மையானது. இரண்டுக்கும் 0 முதல் 1 வரை தனித்தனியாக பலத்தைக் குறிப்பிட்டு பிரவுசரில் இருந்தே இயக்கலாம்.

தனிக் கருவி என்றால்?

மசாஜர், செக்ஸ் டாய் போன்ற தனிக் கருவிகள் ப்ளூடூத்தில் இயங்குகின்றன. குரோம், எட்ஜ் போன்ற பிரவுசர்களில் வெப் ப்ளூடூத் என்ற வசதி இருப்பதால், தனியாக ஆப் எதையும் இன்ஸ்டால் செய்யாமல் வெப் பக்கமே ப்ளூடூத் கருவியோடு பேச முடியும். ஃபயர்பாக்ஸ், சஃபாரி இரண்டும் இதைச் சேர்க்க மறுத்துவிட்டன. ஏதோ ஒரு வெப்சைட் உங்கள் வீட்டில் இருக்கும் கருவியைத் தொடுவது ஆபத்து என்பது அவற்றின் வாதம். குரோமிலும் அந்தப் பக்கம் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருக்க வேண்டும், பயனரே பட்டனை அழுத்த வேண்டும், திரையில் வரும் பட்டியலில் கருவியை அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இணைப்பு கிடைக்கும்.

இணைந்த பிறகு அனுப்பும் கட்டளை ஆச்சரியப்படும் அளவுக்கு எளிமையானது. லவென்ஸ் நிறுவனத்தின் கருவிகளுக்கு 'வைப்ரேட்:10;' என்று சாதாரண எழுத்தில் அனுப்பினால் போதும். 0 என்றால் நிற்கும், 20 என்றால் முழு வேகம். அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மொழி பேசும். இதைத் தீர்க்க பட்பிளக் என்ற ஓபன் சோர்ஸ் மென்பொருள் இருக்கிறது. பெயரைப் பார்த்து சிரிப்பவர்கள் சிரிக்கலாம், ஆனால் வேலையில் அது கெட்டி. நூற்றுக்கணக்கான கருவிகளின் கட்டளைகளைத் தெரிந்து வைத்துக்கொண்டு நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி நிற்கிறது. இதை கம்ப்யூட்டரிலோ போனிலோ ஓட்டுவதற்கான ஆப்பின் பெயர் இன்டிஃபேஸ். வெப் ஆப் எழுதுபவர் 'பாதி வேகம்' என்று சொன்னால் போதும், எந்தக் கருவிக்கு எப்படிச் சொல்வது என்பதை அது பார்த்துக்கொள்ளும்.

கம்ப்யூட்டர் நெட்வொர்க் வழியாக பாலியல் கருவிகளை இயக்கும் முறைக்கு அமெரிக்காவில் 1998-ல் விண்ணப்பித்து 2002-ல் பெறப்பட்ட ஒரு காப்புரிமை இருந்தது. அது 2018-ல் காலாவதியாகும் வரை புதிதாக இறங்கிய பல நிறுவனங்கள் வழக்குக்கு பயந்துகொண்டேதான் இருந்தன.

சரி, 'ரிமோட்' எங்கே வருகிறது?

ப்ளூடூத் சாதாரணமாக ஒரு அறையைத் தாண்டினாலே தடுமாறும். வேறு ஊரில் இருப்பவர் இயக்க வேண்டும் என்றால் ஒரு சங்கிலி வேண்டும். கருவிக்குப் பக்கத்தில் ஒரு போன். அந்த போனில் திறந்திருக்கும் வெப் பக்கம். அதிலிருந்து இன்டர்நெட் வழியாக ஒரு சர்வர். சர்வரில் இருந்து மறுமுனையில் இருப்பவரின் பிரவுசர்.

இங்கே வெப்சாக்கெட் என்ற முறை பயன்படுகிறது. சாதாரண வெப் பக்கம் என்பது கடிதம் போட்டு பதில் வாங்குவது மாதிரி. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்க வேண்டும். வெப்சாக்கெட் என்பது போன் காலை கட் பண்ணாமல் அப்படியே வைத்திருப்பது மாதிரி. இந்தப் பக்கம் ஸ்லைடரை நகர்த்தினால் அந்த எண் உடனே மறுபக்கம் போய்விடும்.

இரண்டு பேரும் ஒரே 'அறை'யில் சேர வேண்டுமே? அதற்குத்தான் லிங்க். கருவி வைத்திருப்பவரின் பக்கம் யாராலும் யூகிக்க முடியாத நீளமான ஒரு குறியீட்டை உருவாக்கும். அதை லிங்க்காக மறுமுனைக்கு அனுப்புவார். லிங்க்கைத் திறப்பவருக்கு ஒரு ஸ்லைடர், ஒரு நிறுத்து பட்டன். ஓரளவு அனுபவம் உள்ள புரோகிராமர் ஒரு வார இறுதியில் உட்கார்ந்தால் இதை முடித்துவிடலாம்.

அவசரத்தில் எழுதுபவர்கள் சறுக்குவது இதற்குப் பிறகுதான்.

லைன் அறுந்தால் என்ன ஆகும்?

மறுமுனையில் இருப்பவர் முழு வேகத்தில் வைத்திருக்கிறார். அந்த நேரம் பார்த்து அவர் ரயிலில் ஒரு சுரங்கத்துக்குள் போய்விட்டார். சிக்னல் இல்லை. 'நிறுத்து' என்ற கட்டளை வரவே வராது. பல கருவிகள் கடைசியாக வந்த கட்டளையைப் பிடித்துக்கொண்டு அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்குத் தீர்வு, மறுமுனையில் இருந்து 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று விநாடிக்கு ஒரு தடவை சின்ன சிக்னல் வந்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை வரவில்லை என்றால் வேகத்தைத் தானாகவே பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். இந்த வேலையை சர்வரிடம் விடக்கூடாது, ஏனென்றால் அறுந்தது சர்வரோடு உள்ள லைனாகவும் இருக்கலாம். கருவிக்குப் பக்கத்தில் இருக்கும் போனில்தான் இது ஓட வேண்டும். பட்பிளக்கில் இந்த ஏற்பாடு உண்டு. இணைப்பு போனால் அது எல்லா கருவிகளையும் நிறுத்திவிடும்.

இதே நியாயம் இன்னும் இரண்டு விஷயத்துக்குப் பொருந்தும். அதிகபட்ச வேகம் எவ்வளவு என்பதை கருவி வைத்திருப்பவர்தான் தன் பக்கத்தில் முடிவு செய்ய வேண்டும். மறுமுனை 100 என்று அனுப்பினாலும், இவர் 40 என்று வைத்திருந்தால் 40-தான் ஓட வேண்டும். அதேபோல அவருடைய நிறுத்து பட்டன் யாரிடமும் அனுமதி கேட்கக்கூடாது. அழுத்தியதும் கருவி நிற்க வேண்டும், செய்தி அப்புறம் போகட்டும். சம்மதம் என்பது ஆரம்பத்தில் ஒரு தடவை 'ஓகே' அழுத்துவதோடு முடிகிற விஷயம் இல்லை. எந்த விநாடியிலும் அதைத் திரும்பப் பெற முடிய வேண்டும், அதற்கு நெட் இருக்கிறதா இல்லையா என்பது தடையாக இருக்கக்கூடாது.

லிங்க்குக்கும் ஆயுள் வேண்டும். நேற்று அனுப்பிய லிங்க் இன்றும் திறக்கிறது என்றால், உறவு முறிந்த பிறகும் திறக்கும் என்று அர்த்தம்.

நடுவில் இருப்பது யார்?

இரண்டு பேருக்குள் நடக்கும் விஷயம், மூன்றாவது ஆளுக்குத் தெரியாது என்றுதான் பயன்படுத்துபவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் மூன்றாவது ஆள் எப்போதும் இருக்கிறார். அவர் பெயர் சர்வர்.

2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டில், நியூசிலாந்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் வீ-வைப் என்ற கனடா நிறுவனக் கருவியைப் பிரித்து மேய்ந்தார்கள். அதன் ஆப், கருவியின் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒரு தடவையும், அதிர்வின் அளவு மாறும்போதெல்லாம் அதையும் நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எப்போது, எவ்வளவு நேரம், எந்த அளவில் என்று எல்லாமே இதிலிருந்து தெரிந்துவிடும். பயனர்களுக்கு இது தெரியாது. அடுத்த மாதமே சிகாகோ நீதிமன்றத்தில் ஒரு பெண் வழக்கு தொடுத்தார். 2017 மார்ச்சில் நிறுவனம் 37.5 லட்சம் அமெரிக்க டாலர் தர ஒப்புக்கொண்டு சமரசம் செய்தது. சேகரித்த தகவல்களை அழிக்கவும் சம்மதித்தது.

இதில் ஹேக்கிங் எதுவும் நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாரும் எதையும் திருடவில்லை. ஆப் எழுதப்பட்ட விதமே அப்படி.

அதே 2017 நவம்பரில் லவென்ஸ் நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு ஆப், பயன்படுத்தும்போது எழும் ஒலியைப் பதிவு செய்து போனிலேயே ஒரு ஃபைலாக விட்டுவைப்பதை பயனர் ஒருவர் கண்டுபிடித்தார். அது ஒரு பிழை என்று சொன்ன நிறுவனம், ஆப்பை அப்டேட் செய்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் என்ற பிரிட்டிஷ் சைபர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் பெர்லின் தெருவில் போனை வைத்துக்கொண்டு நடந்தபோது, அந்தப் பக்கம் இருந்த ஒரு கருவி அவருடைய ப்ளூடூத் பட்டியலில் தென்பட்டது. பின் நம்பர், பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் இணையக்கூடிய நிலையில் அது இருந்தது. நெட்டே தேவையில்லை, பக்கத்துத் தெருவில் இருந்தால் போதும் என்ற நிலை.

இதைவிட மோசமானது 2020-ல் வெளியானது. கியூ நிறுவனத்தின் செல்மேட் என்பது அதிரும் கருவி அல்ல, ஆண்கள் அந்தரங்க உறுப்பில் அணியும் ரிமோட் பூட்டு. அதன் சர்வரில் யார் கேட்டாலும் பதில் சொல்லும் அளவுக்கு ஓட்டை இருந்ததையும், யார் வேண்டுமானாலும் எல்லா பயனர்களையும் ஒரே நேரத்தில் பூட்டிவிட முடியும் என்பதையும் அதே பென் டெஸ்ட் பார்ட்னர்ஸ் வெளியிட்டது. கையால் திறப்பதற்கு மாற்று வழியே வைக்கப்படவில்லை. பயனர்கள் இருக்கும் இடமும் கசிந்தது. சில மாதங்களில் உண்மையிலேயே சிலரது கருவி பூட்டப்பட்டு, பிட்காயினில் பணம் கேட்டு மிரட்டல் வந்தது. மேலே சொன்ன 'நிறுத்து பட்டன் பக்கத்திலேயே இருக்க வேண்டும்' என்ற விதி ஏன் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

2025-லும் அதே கதை

பத்து வருடத்தில் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைத்தால், இல்லை. 2025 ஜூலையில் லவென்ஸ் ஆப்பில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் இரண்டு ஓட்டைகளை வெளியிட்டார். ஒருவருடைய யூசர்நேம் தெரிந்தால் அவருடைய இமெயில் முகவரியைக் கண்டுபிடித்துவிடலாம். இமெயில் தெரிந்தால் பாஸ்வேர்டே இல்லாமல் அந்தக் கணக்கைக் கைப்பற்றிவிடலாம்.

இமெயில்தானே, அதில் என்ன என்று தோன்றலாம். இந்தக் கருவிகளைப் பயன்படுத்துபவர்களில் வெப்கேமில் தோன்றி வருமானம் ஈட்டுபவர்களும் உண்டு. அவர்களுடைய யூசர்நேம் ஊருக்கே தெரியும், தெரிய வேண்டும், அதுதான் தொழில். உண்மைப் பெயரும் முகவரியும் தெரியாமல் இருப்பதுதான் அவர்களுக்கு ஒரே பாதுகாப்பு. இமெயில் வெளியே வந்தால் அது போய்விடும்.

மார்ச் மாதமே தகவல் சொல்லப்பட்டும், முழுமையாகச் சரிசெய்ய 14 மாதங்கள் ஆகும் என்று நிறுவனம் பதில் சொல்லியிருந்தது. உடனே சரிசெய்தால் பழைய ஆப் வைத்திருப்பவர்கள் கட்டாயம் அப்டேட் செய்ய வேண்டியிருக்கும் என்பது காரணம். விஷயம் செய்தியாக வெளிவந்ததும் சில நாட்களில் தீர்வு வந்தது.

அப்படியானால் சர்வருக்கு எவ்வளவுதான் தெரிய வேண்டும்?

ஒரு அறையின் குறியீடு, ஒரு எண். உண்மையில் அவ்வளவே. பெயர், இமெயில், போன் நம்பர், யார் யாரோடு எத்தனை மணிக்கு என்ற வரலாறு எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை. எண் வந்தது, போனது, மறந்தது என்று எழுதலாம். இன்னும் ஒரு படி போனால், வெப்ஆர்டிசி என்ற முறையில் இரண்டு பிரவுசர்களும் நேரடியாகவே பேசிக்கொள்ளலாம். சர்வர் அறிமுகம் செய்து வைத்துவிட்டு ஒதுங்கிவிடும். ஆனால் அதில் வேறொரு விலை உண்டு. நேரடியாகப் பேசும்போது ஒருவருடைய ஐபி முகவரி மற்றவருக்குத் தெரியவரும். தம்பதிக்குள் அது பிரச்சனை இல்லை. முகம் தெரியாதவரிடம் லிங்க் கொடுப்பவருக்கு அது பெரிய பிரச்சனை. அவருக்கு நடுவில் சர்வர் இருப்பதே நல்லது, அந்த சர்வர் எதையும் எழுதி வைக்காமல் இருந்தால்.

எனவே இப்படி ஒரு லிங்க் வந்தாலோ, ஆப்பை இறக்கினாலோ பார்க்க வேண்டியவை சில உண்டு. கணக்கு தொடங்காமல் பயன்படுத்த முடிகிறதா? மைக், லொகேஷன், தொடர்பு எண்கள் என்று அதிர்வுக்குச் சம்பந்தமே இல்லாத அனுமதிகளைக் கேட்கிறதா? கணக்கு கட்டாயம் என்றால் வேறெங்கும் பயன்படுத்தாத ஒரு தனி இமெயில் கொடுப்பது நல்லது. முதல் தடவை பயன்படுத்தும் முன் ஒரு சோதனையும் செய்யலாம். கருவியை மேஜையில் வைத்து ஓடவிட்டு, போனில் ஏரோப்ளேன் மோடைப் போட்டுப் பாருங்கள். சில விநாடிகளில் நிற்கவில்லை என்றால் அந்த ஆப் வேண்டாம்.

இந்தியாவில் சட்டம் என்ன சொல்கிறது?

செக்ஸ் டாய் என்று பெயர் சொல்லித் தடை செய்யும் தனிச்சட்டம் இல்லை. ஆபாசப் பொருள் விற்பனைக்கு எதிரான பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது. இதனால் விற்பவர்கள் பெரும்பாலும் 'பாடி மசாஜர்' என்ற பெயரில்தான் விற்கிறார்கள். இறக்குமதியான பாடி மசாஜர்களை ஆபாசப் பொருள் என்று சுங்கத்துறை பறிமுதல் செய்த வழக்கில், அப்படிக் கருத முடியாது என்று 2024 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது.

தகவல் கசிவு விஷயத்தில், 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. என்ன நோக்கத்துக்கு என்று சொல்லி சம்மதம் வாங்க வேண்டும், சம்மதத்தைத் திரும்பப் பெறவும் வழி தர வேண்டும் என்கிறது அது. இன்னொருவரின் கணக்கிலோ கருவியிலோ அனுமதி இல்லாமல் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவின் கீழ் குற்றம். அந்தரங்கத் தகவலை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

செயின்ட் லூயிஸ் போட்டி அமைப்பாளர்கள், கார்ல்சன் விலகிய அன்றே ரேடியோ அலைகளைத் தேடும் சோதனையைக் கூட்டினார்கள். அதோடு எளிமையான இன்னொரு வேலையும் செய்தார்கள். ஆட்டத்தின் நேரடி ஒளிபரப்பை 15 நிமிடம் தாமதமாக்கினார்கள். வெளியே ஒருவர் எவ்வளவு நல்ல வெப் ஆப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், ஒளிபரப்பைப் பார்த்து அவர் அனுப்பும் அதிர்வு வந்து சேரும்போது பலகையில் அந்த நிலையே இருக்காது.